ஸ்க்ரப் டைபஸுக்கு எடுக்கும் ஐஜிஎம் எலைசா என்பது என்ன?

மழைக்காலக் காய்ச்சலோடு கடலூரிலோ புதுச்சேரியிலோ மருத்துவமனைக்குப் போனால், பரிசோதனைச் சீட்டில் டெங்குவோடு இதையும் எழுதுவது உண்டு. ஸ்க்ரப் டைபஸ், புதர்களில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் (மைட்) குட்டி கடிப்பதால் பரவும் பாக்டீரியாக் காய்ச்சல். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கலாம்; அக்குள், இடுப்பு மடிப்பில் தேடிப் பார்க்க வேண்டும்.

கிருமி நுழைந்ததும் உடல் அதற்கென்றே செய்யும் புரதம்தான் ஆன்டிபாடி. அதில் முதலில் வருவது ஐஜிஎம். எலைசாவில் சின்னச் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு இருக்கும். குழியின் அடியில் கிருமியின் புரதம் பூசியிருப்பார்கள். அதில் நம் ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தை விட்டுக் கழுவுவார்கள். வயலில் நடந்தபின் வேட்டியை உதறினால் தூசி போய்விடும், ஒட்டுப்புல் மட்டும் நிற்குமே, அதேபோல் பொருந்திய ஆன்டிபாடி மட்டும் தங்கும். அப்புறம் அதைப் பிடித்துக்கொள்ளும் நொதி கலந்த திரவமும், நிறம் தரும் திரவமும் விடுவார்கள். நிறம் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கருவி அளக்கும்; நிறம் கூடினால் ஆன்டிபாடியும் கூடுதல் என்று பொருள்.

இதே காய்ச்சலுக்கு எடுக்கும் பழைய ரத்தச் சோதனையான வெய்ல்-ஃபெலிக்ஸ் மலிவு, ஆனால் அவ்வளவு நம்பகமில்லை. எலைசா கிடைத்தால் அதுவே மேல்.

காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே எடுத்து ‘நெகட்டிவ்’ வந்தால் நோய் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள்; ஐஜிஎம் அளக்கும் அளவுக்கு ஏறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால்தான் மருத்துவர் சந்தேகப்பட்டால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்.