முடிவெடுக்க வேண்டியது சுந்தர் அல்ல

கேள்வி: இந்திய கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தர் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இன்னும் எத்தனை நாள் நிற்பார்? ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் சுழற்பந்தை ஓரங்கட்டிவிட்டு பேட்ஸ்மேன் ஆனாரே, அதுபோல இவரும் பேட்டிங், பவுலிங் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் என்ன? ஓய்வு பெற்ற சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின் இடத்தை இவர் நிரப்புவாரா?

பதில்: கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதை அணி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும், சுந்தரிடம் அல்ல.

2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கொல்கத்தாவில் நடந்த டெஸ்டை நினைத்துப் பாருங்கள். சுந்தரை மூன்றாவது ஆட்டக்காரராக இறக்கினார்கள். பந்து எப்போது எகிறும், எப்போது தாழும் என்று யாருக்கும் தெரியாத ஆடுகளம். 124 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 93 ரன்னில் சுருண்டது. அதில் சுந்தர் எடுத்த 31தான் அதிகம். அணியில் நான்கு சுழற்பந்து வீச்சாளர்கள் இருந்ததால், அந்த ஆட்டத்தில் பந்து கிட்டத்தட்ட அவர் கைக்கு வரவே இல்லை. அதாவது, அன்று அவர் முழு பேட்ஸ்மேன். சரி, அப்படித்தான் முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நாம் நினைத்தோம். அடுத்த டெஸ்ட் குவாஹாட்டியில். அங்கே எட்டாவது ஆட்டக்காரராக வந்தார். வந்து 48 ரன் எடுத்தார்.

ஒரு வாரத்தில் மூன்றிலிருந்து எட்டு. இதில் ஆற்றில் கால் வைத்தது யார், சேற்றில் கால் வைத்தது யார்?

மூன்றாவது ஆட்டக்காரரின் வேலை வேறு, எட்டாவது ஆட்டக்காரரின் வேலை வேறு. மூன்றாவதாக இறங்குபவர் புதுப் பந்தை எதிர்பார்த்துத் தயாராக வேண்டும். எந்தப் பந்தை விட வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் பாடம். எட்டாவதாக வருபவர் பெரும்பாலும் பழைய பந்தையோ, இரண்டாவது புதுப் பந்தையோ சந்திப்பார். மறுமுனையில் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்த்து ஆட வேண்டும். வலைப்பயிற்சியிலும் வழக்கமாக மேல்வரிசைக்காரர்கள்தான் முதலில் ஆடுவார்கள். பவுலர்களின் முறை வரும்போது நல்ல பந்து வீசுகிறவர்கள் களைத்துப் போயிருப்பார்கள். இரண்டு வேலையும் செய்பவர் நெட்டில் ஒரு பக்கம் பத்து ஓவர் வீசிவிட்டு, அப்புறம் பேடைக் கட்டிக்கொண்டு மறு பக்கம் போக வேண்டும். இதையெல்லாம் செய்யத் தயாராக இருப்பவரிடம் போய் 'நீ யார், முதலில் முடிவு செய்' என்று சொல்வது நியாயமே இல்லை.

தொடக்கத்திலிருந்து பாருங்கள். 2017 ஐபிஎல்-லில் காயமடைந்த அஸ்வினுக்குப் பதிலாக புனே அணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. இளையோர் ஆட்டங்களில் தொடக்க பேட்ஸ்மேனாக வளர்ந்தவரைப் பவர்பிளேயில், அதாவது முதல் ஆறு ஓவர்களில், பந்து வீச வைத்தார்கள். வீசினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்டுக்கு முன்னால் அவர் டெஸ்ட் அணியில்கூட இல்லை. ஆஸ்திரேலியாவில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அஸ்வினும் ஜடேஜாவும் காயத்தில் விழ, இவருக்குத் தொப்பி கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் ஸ்மித் உட்பட மூன்று விக்கெட். 186 ரன்னுக்கு 6 விக்கெட் போன நிலையில் ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ரன் கூட்டணி. அதில் இவருடைய பங்கு 62. காபா (பிரிஸ்பேன் மைதானம்) வெற்றி என்று நாம் இன்றும் கொண்டாடுவது அந்தக் கூட்டணி இல்லாமல் நடந்திருக்காது.

அடுத்து இங்கிலாந்துக்கு எதிராகச் சென்னையில் ஆட்டமிழக்காமல் 85. அகமதாபாத்தில் ஆட்டமிழக்காமல் 96. சதத்துக்கு நான்கே ரன் குறைந்த அந்த 96 எனக்கு இன்னும் வலிக்கிறது. அணியின் எண்ணிக்கை 365-ல் இருந்தபோது அக்சர் பட்டேல் ரன் அவுட். அடுத்த ஓவரில் மீதி இரண்டு விக்கெட்டும் போய்விட்டன. எண்ணிக்கை நகரவே இல்லை. மறுமுனையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞனுக்கு வயது 21.

அதற்கு அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2024 அக்டோபரில். நான்கு டெஸ்டில் மூன்று அரைசதம் அடித்தவர் மூன்றரை ஆண்டு வெளியே இருந்தார். விரல் காயம், தொடைத் தசைக் காயம் என்று உடம்பும் படுத்தியது. உள்ளூர் டெஸ்ட்களில் அஸ்வின், ஜடேஜா, அக்சர் மூவரையும் தாண்டி நுழைவதும் எளிதில்லை. அதை மறுக்கவில்லை. ஆனால் ஐபிஎல்-லில் என்ன நடந்தது? 2023-ல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதியால் தேவைக்கேற்ப ஒரு முழு பேட்ஸ்மேனையோ முழு பவுலரையோ இடையில் மாற்றிக்கொள்ளலாம் என்றான பிறகு, இரண்டும் செய்யும் ஆல்ரவுண்டரின் தேவை பாதியாகிவிட்டது. சுந்தர், ஷிவம் துபே போன்றவர்களுக்குப் பந்து வீச வாய்ப்பே கிடைப்பதில்லை என்று அப்போதைய இந்திய கேப்டன் ரோகித் சர்மாவே 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டு ஐபிஎல்-லில் சுந்தர் ஆடியது இரண்டே ஆட்டங்கள்.

அப்படி உட்கார்ந்திருந்தவர்தான் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு 7 விக்கெட், ஆட்டம் முழுவதும் 11 விக்கெட் எடுத்தார். 2025 லார்ட்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக 22 ரன்னுக்கு 4 விக்கெட். ரூட், ஸ்டோக்ஸ் உட்பட நான்கு பேரும் போல்டு. அவர் பந்தைப் பெரிதாகத் திருப்புபவர் அல்ல. உயரத்திலிருந்து வீசி, காற்றில் லேசாக விலகச் செய்து, ஸ்டம்பைக் குறிவைப்பவர். இந்த வகைப் பந்துவீச்சுக்கு இடைவிடாமல் வீசும் பழக்கம் வேண்டும். பெவிலியனில் உட்கார்ந்து அது வராது. அதே தொடரில் மான்செஸ்டரில் ஐந்தாவதாக இறங்கி ஆட்டமிழக்காமல் 101. ஜடேஜாவோடு 203 ரன் சேர்த்து தோல்வியைத் தடுத்தார். இதில் எதை விடச் சொல்கிறீர்கள்?

ஸ்மித்துக்கு வருகிறேன். 2010-ல் லெக் ஸ்பின்னராக எட்டாவது இடத்தில் அறிமுகமானவர் அவர். பிறகு அணியிலிருந்து நீக்கப்பட்டு, 2013-ல் மொகாலியில் திரும்பியபோது ஐந்தாவதாக இறக்கினார்கள், 92 அடித்தார். அவர் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, அணி அவருக்கு ஒரு இடத்தைக் கொடுத்தது என்பதே சரி. இன்னொன்று, அவருடைய லெக் ஸ்பின் ஒரு டெஸ்டில் 11 விக்கெட் எடுக்கும் தரத்தில் இருந்ததில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது ஜடேஜாவை. முதல்தர ஆட்டங்களில் மூன்று முச்சதம் அடித்துவிட்டு 2012 டிசம்பரில் டெஸ்டுக்கு வந்தவர், முதல் டெஸ்ட் சதம் அடித்தது 2018 அக்டோபரில். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். அதுவரை பந்துவீச்சு அவரை அணியில் வைத்திருந்தது, பேட்டிங் மெல்ல வளர்ந்தது. இன்று 4000 ரன், 300 விக்கெட் என்ற வரிசையில் கபில்தேவ், போத்தம், வெட்டோரியோடு நிற்கிறார். ஆல்ரவுண்டர் உருவாக இவ்வளவு காலம் ஆகும், ஐயா. அதற்குள் மூன்று, ஐந்து, எட்டு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் வேர் பிடிக்காது.

ரவி சாஸ்திரி பத்தாவது ஆட்டக்காரராக வந்து தொடக்க ஆட்டக்காரராகி, 11 டெஸ்ட் சதம் அடித்தாரே என்று யாராவது சொல்லலாம். அடித்தார். ஆனால் பேட்டிங் மேலே போகப் போக அவருடைய இடக்கைச் சுழல் பின்னால் போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அஸ்வின் இடத்தை நிரப்புவாரா என்றால், 106 டெஸ்ட், 537 விக்கெட், 6 சதம் என்ற இடத்தை இப்போதைக்கு யாரும் நிரப்ப வேண்டாம். ஆனால் அஸ்வினுக்கு உள்ளூர் டெஸ்ட் ஒவ்வொன்றிலும் நாள் முழுக்கப் பந்து கையில் இருந்தது. சுந்தருக்கு ஏழாவது இடத்தையும் ஒரு நாளில் பதினைந்து ஓவரையும் தொடர்ந்து இரண்டு சீசன் கொடுக்கட்டும். அதன்பின் இந்தக் கேள்வியைத் திரும்ப அனுப்புங்கள், பதில் எழுதுகிறேன்.