சுடோகு போட்டால் பெயர் ஞாபகம் வருமா?

கேள்வி: தினமும் காலையில் சுடோகு போடுகிறேன். அரை மணி நேரம் எடுத்தது இப்போது பத்தே நிமிடத்தில் முடிகிறது. ஆனால் நேற்று அறிமுகமானவர் பெயர் என்ன, சாவியை எங்கே வைத்தேன் என்றால் முழிக்கிறேன். மூளை கூர்மையாகிறதா இல்லையா?

பதில்: கூர்மையாகிறது, சுடோகுவில். ஒரு எண் எந்தக் கட்டத்தில் வர முடியாது என்று கழித்துக்கட்டும் வித்தை உங்களுக்குப் பழகிவிட்டது, அதனால் வேகம் கூடியது. அதற்கும் ஒருவருடைய முகத்தோடு பெயரைச் சேர்த்து வைப்பதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. 2010-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சிகள் செய்தார்கள். பயிற்சி செய்த விளையாட்டுகளில் முன்னேறினார்கள், ஆனால் அதைப் போலவே இருந்த வேறு சோதனைகளைக் கொடுத்தபோது அந்த முன்னேற்றம் கூட வரவில்லை.

பெயர்தான் பிரச்சினை என்றால் பெயரிலேயே பயிற்சி எடுங்கள். பாதிப் பெயர்களை நாம் மறப்பதே இல்லை, முதலில் காதில் வாங்குவதே இல்லை, அடுத்து என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருப்போம். அதனால் கேட்டவுடன் அந்தப் பெயரைச் சொல்லியே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அப்புறம் இரவு படுக்கும்முன் அன்று சந்தித்தவர்களை எதையும் பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். வரவில்லையா, உடனே போனை எடுக்காதீர்கள், கொஞ்சம் திணறுங்கள், அந்தத் திணறலில்தான் விஷயமே இருக்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள்: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. கடைக்குப் போகும்போது பட்டியலை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகு வெளியே எடுத்துச் சரிபாருங்கள். வீட்டிலுள்ளவர்களின் போன் எண்களை மனப்பாடமாக அழுத்துங்கள். சாவிக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் வேண்டாம், சுவரில் ஒரு ஆணி போதும்.

சுடோகுவை விட்டுவிடச் சொல்லவில்லை, பிடித்திருந்தால் போடுங்கள். ஆனால் பத்து நிமிடத்தில் முடிகிறது என்றால் அது இனி பொழுதுபோக்குதான். மூளைக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் உங்களுக்குச் சுத்தமாக வராத ஒன்றை எடுங்கள், புது மொழியோ வாத்தியமோ எதுவானாலும் சரி. பந்துகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் கற்றவர்களை 2004-இல் ஸ்கேன் செய்து பார்த்தபோது, அசைவைக் கண்ணால் தொடரும் மூளைப்பகுதி சற்றுப் பெருத்திருந்தது. பழகுவதை நிறுத்திய பிறகு அது திரும்பவும் குறைந்துவிட்டது, அதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: இடது கையால் பல் துலக்கினால் மூளையின் இன்னொரு பக்கம் விழிக்குமாமே?

பதில்: அது தூங்கவே இல்லையே! இரண்டு பக்கமும் எப்போதும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. இடது கை பழகும், அவ்வளவுதான்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 70. மறதி வராமல் தடுக்கும் என்று விளம்பரம் வரும் ஒரு செயலிக்குப் பணம் கட்டலாமா?

பதில்: அந்த விளம்பரத்தை நம்பிக் கட்ட வேண்டாம். இப்படி விளம்பரம் செய்த லூமோசிட்டி நிறுவனம், போதிய ஆதாரம் இல்லாமல் பேசியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் சாட்டிய குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டியது. அதற்காக எல்லாப் பயிற்சியும் வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 65 வயதுக்கு மேற்பட்ட 2,802 பேரை வைத்து நடந்த ஆக்டிவ் என்ற பெரிய ஆய்வில், தர்க்கப் பயிற்சியும் வேகப் பயிற்சியும் எடுத்தவர்களுக்கு அந்தந்தத் திறமையில் பத்து வருடம் கழித்தும் பலன் தெரிந்தது. நினைவுப் பயிற்சி எடுத்தவர்களுக்கு அவ்வளவு காலம் நிற்கவில்லை.

நானாக இருந்தால் அப்பாவை முதலில் நடக்க வைப்பேன். 120 முதியவர்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் வேகமாக நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ், அதாவது நினைவுக்கு முக்கியமான பகுதி, 2 சதவீதம் வளர்ந்தது. வெறும் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியது. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா என்றும் கவனியுங்கள், காது மந்தமாவது டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று, செவித்திறன் பரிசோதனை எளிதானதுதான். பழகிய தெருவிலேயே வழி தடுமாறுகிறார், சொன்னதையே சற்று நேரத்தில் மறுபடி கேட்கிறார் என்றால் செயலியைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு, பி12 குறைபாடு, சாப்பிடும் சில மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும், அவற்றைச் சரிசெய்ய வழி இருக்கிறது.