மொட்டைமாடியில் காட்டு மஞ்சள்

கேள்வி: கூடலூரில் அக்கா வீட்டு வேலியோரம் தானாக முளைத்துக் கிடந்த ஒரு செடியைக் கிழங்கோடு கொண்டுவந்து மாடித் தொட்டியில் வைத்தேன். போன வருடம் இலை மட்டும் விட்டு, மார்கழியில் காய்ந்துபோனது. செத்துவிட்டது என்று தொட்டியை மூலையில் தள்ளிவிட்டேன். இந்த மே மாதம் ஒரு மழை பெய்ததும், ஒற்றை இலைகூட இல்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு ரோஸ் நிறத்தில் பூ நிற்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். மாமியார் கஸ்தூரி மஞ்சள் என்கிறார். அரைத்து முகத்தில் பூசலாமா?
— ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: பூச வேண்டாம். படத்தில் இருப்பது இஞ்சிக் குடும்பத்துக் காட்டு மஞ்சள்களில் ஒன்று, அதுவரை சந்தேகமில்லை. ஆனால் காட்டு மஞ்சளில் பல இனங்கள் உண்டு, பூவின் படத்தை மட்டும் வைத்து இன்னதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். நீலகிரிப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, பெயரே குர்குமா நீல்கெரென்சிஸ். சென்னையில் அச்சான தன் பெரிய தாவரப் படநூலில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1853இல் வைத்த பெயர் அது. உங்களுடையது அதுவாகவும் இருக்கலாம். அசல் கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிறி இருக்கும், கற்பூர வாசம் அடிக்கும். கடையில் அந்தப் பெயரில் விற்கும் பளிச்சென்ற மஞ்சள் துண்டுகளே பல நேரம் வேறு கிழங்குதான், இதில் தொட்டிக் கிழங்கை முகத்தில் சோதித்துப் பார்ப்பானேன்?

அதைவிட, காலையில் ஒரு பூதக்கண்ணாடியோடு தொட்டி முன்னால் உட்காருங்கள். ரோஸ் நிறத்தில் தெரிவது பூவே இல்லை, பூவடிச்செதில்கள், அதாவது பூவுக்கு அடியில் வரும் இலை மாதிரியான செதில்கள். கீழே இருக்கும் பச்சைச் செதில்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னப் பைகளாக இருக்கும், மழை பெய்தால் அவற்றில் தண்ணீர்கூடத் தேங்கும். அந்தப் பைக்குள்ளிருந்து மஞ்சளாக எட்டிப் பார்க்கிறதே, அதுதான் பூ, ஒரு நாள்தான் இருக்கும். அதில் வேலை செய்யும் மகரந்தத்தாள், அதாவது மகரந்தம் தரும் ஆண் உறுப்பு, ஒன்றே ஒன்று. மற்றவற்றில் இரண்டு ஒட்டிப்போய், பூச்சி வந்து இறங்க வாகாக உதடு மாதிரி விரிந்துவிட்டன. பெண் உறுப்பான சூல்தண்டு தனியாக நிற்கக்கூடத் தெம்பில்லாத நூல், மகரந்தப்பையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் புகுந்து அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது! அந்த மகரந்தப்பையின் அடியில் கொம்பு மாதிரி இரண்டு நீட்டல்கள் இருக்கும், தேனுக்காகத் தலையை நுழைக்கும் தேனீ அவற்றை முட்டினால் பை முன்னால் சாய்ந்து தேனீயின் முதுகில் மகரந்தத்தைத் தேய்த்துவிடும்.

அப்புறம், மார்கழியில் அது சாகவில்லை, தூங்கப் போனது. இங்கேதான் சென்னைக்காரர்களுக்குச் சிக்கல். மலையில் ஆனி, ஆடி மழையில் வளர்ந்து, மழை ஓய்ந்ததும் இலையை உதிர்த்துப் பழகிய செடி இது. நம் ஊரிலோ அது கண்ணயரும் நேரம் பார்த்து, ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டித் தீர்க்கிறது. என்னுடைய முதல் தொட்டியை அந்த மழையில் திறந்தவெளியில் விட்டுவிட்டு, பிறகு கவிழ்த்துப் பார்த்தால் கிழங்கெல்லாம் கூழ், வாடை வேறு, ஊசிப்போன மாவு மாதிரி. போன வருடம் உங்கள் கிழங்கு தப்பியது அதிர்ஷ்டம். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தொட்டியை சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தி, தண்ணீரை நிறுத்திவிடுங்கள். கோடை மழை வரும்வரை தோண்டிப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

கேள்வி: சமையல் இஞ்சி பூக்குமா? நான் பார்த்ததே இல்லை.
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: பூக்கும், அபூர்வமாக. பச்சைக் கூம்பு மாதிரி தரையோரம் வரும், பூவின் உதடு ஊதா நிறம், அதில் வெளிர்மஞ்சள் புள்ளிகள். பூத்தாலும் விதை பிடிக்காது என்றே வைத்துக்கொள்ளலாம், அதனால்தான் கிழங்கை உடைத்து நடுகிறோம். எட்டு ஒன்பது மாதத்தில் தோண்டித் துவையல் அரைத்துவிட்டால் அது எங்கே பூக்கும்? ஒரு தொட்டியை மட்டும் சும்மா விட்டுப் பாருங்கள்.