மார்ச் மாதத்து உபரி

கேள்வி: பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்து வீச்சாளர்கள், அதாவது முறைவைத்து ஆளுக்கொரு நாள் வீசும் பிட்சர்கள், ஐந்து பேர் இருந்தால் ஓர் அணிக்குப் போதும். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. உபரியாக இருப்பவர்களை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, பந்தை விளாசக்கூடிய ஒரு பேட்டரை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்? திறமையுள்ள பிட்சரைச் சும்மா உட்காரவைப்பது அவருக்கும் அநீதி இல்லையா?
- ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: நீங்கள் சொல்வதை அப்படியே செய்து பார்த்த அணி ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸ்.

அந்த மார்ச் மாதத்தில் பாஸ்டனிடம் ஏழு பேர் இருந்தார்கள். கர்ட் ஷில்லிங், ஜாஷ் பெக்கெட், டிம் வேக்ஃபீல்ட், டேவிட் வெல்ஸ், மேட் கிளெமென்ட், ஜொனாதன் பாபெல்பான், பிரான்சன் அரோயோ. இடமோ ஐந்து. பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன் உங்கள் கணக்கைத்தான் போட்டார். மார்ச் 20 அன்று அரோயோவை சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டு, வாட்டசாட்டமான இளம் பேட்டர் வைலி மோ பேன்யாவை வாங்கினார். பேன்யா அடித்தால் பந்து எங்கே விழும் என்று தேட வேண்டும். காகிதத்தில் அருமையான பேரம்.

பிறகு சீசன் தொடங்கியது. வெல்ஸுக்கு வயது 42, முழங்கால் ஏற்கெனவே கெட்டிருந்தது. பாஸ்டனுக்காக எட்டு ஆட்டங்களைத்தான் அவரால் தொடங்க முடிந்தது. கிளெமென்டின் தோள் ஜூன் மாதத்தோடு முடிந்துபோனது. வேக்ஃபீல்டுக்கு விலா எலும்பில் முறிவு. கைகொடுக்க வந்த இளைஞர் ஜான் லெஸ்டருக்குப் புற்றுநோய் என்று கோடை முடிவதற்குள் தெரியவந்தது. மற்ற அணிகள் கழித்துவிட்ட கைல் ஸ்னைடரையும் ஜேசன் ஜான்சனையும் கூட்டிவந்து பந்தைக் கையில் கொடுத்தார்கள். ஜான்சன் பாஸ்டனுக்காக ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. ஆகஸ்ட்டில் நியூயார்க் யாங்கீஸ் ஃபென்வே மைதானத்துக்கே வந்து ஐந்து ஆட்டங்களையும் வாரிக்கொண்டு போனது. பாஸ்டன் 86 வெற்றிகளோடு தன் பிரிவில் மூன்றாம் இடத்தில் முடித்தது.

உபரியென்று அனுப்பப்பட்ட அரோயோ? அந்த ஆண்டு 35 ஆட்டங்களைத் தொடங்கினார். 240 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்). சின்சினாட்டி ஆடும் நேஷனல் லீகில் அவரைவிட அதிகம் வீசியவர் எவருமில்லை. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல்-ஸ்டார் அணியிலும் இடம்பெற்றார். போதாக்குறைக்கு, சின்சினாட்டிக்காகத் தொடங்கிய முதல் இரண்டு ஆட்டங்களிலும் மட்டையைப் பிடித்து ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு அப்பால் விளாசும் அடி) வேறு அடித்தார். பேன்யாவோ மணிக்கட்டில் காயம்பட்டு, 84 ஆட்டங்களில் 11 ஹோம் ரன்களோடு நின்றார்.

ஏதோ துரதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. ஏழு பேரில் யாரை விற்க முடிந்தது என்று பாருங்கள். 42 வயதுக்காரரின் முழங்காலை யார் வாங்குவார்? முந்தைய ஜூலையில் பந்து தலையில் பட்டு, அதன்பின் தடுமாறிக்கொண்டிருந்த கிளெமென்டை, அவருடைய பெரிய சம்பளத்தோடு யார் ஏற்பார்? அரோயோவுக்கு வயது 29. முந்தைய ஆண்டு 205 இன்னிங்ஸ் வீசிய, நோய்நொடியில்லாத கை. மூன்றாண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் 11.25 மில்லியன் டாலர்தான். சந்தை கேட்பது அந்த மாதிரி ஆளைத்தான். 'உபரியை விற்கிறேன்' என்று கிளம்புகிற மேலாளர் கடைசியில் விற்பது உபரியை அல்ல, இருப்பதிலேயே நம்பகமான ஆளை. நொண்டியும் முதுமையும் கையிருப்பில் தங்கிவிடுகின்றன.

டாட்ஜர்ஸுக்கு இது தெரியும். 2024க்கு முன்னால் யோஷினோபு யாமாமோட்டோவுக்கு 12 ஆண்டுகளுக்கு 325 மில்லியன் டாலர் எழுதிக்கொடுத்தார்கள், டைலர் கிளாஸ்னோவை வாங்கினார்கள், ஜேம்ஸ் பாக்ஸ்டனைச் சேர்த்தார்கள். பாபி மில்லர், வாக்கர் ப்யூலர், கேவின் ஸ்டோன், குணமாகிவரும் கிளேட்டன் கெர்ஷா என்று பட்டியல் நீண்டது. பணத்திமிர் என்று அன்று எழுதாதவர் குறைவு. கோப்பைக்கான ஆட்டங்கள் நடக்கும் அக்டோபரில் எண்ணிப் பார்த்தால், நம்பித் தொடங்கச் சொல்ல மூன்றே பேர். அவர்களில் ஜாக் ஃப்ளாஹெர்ட்டி ஜூலைக் கடைசியில் டெட்ராய்ட்டிடமிருந்து அவசரமாக வாங்கப்பட்டவர். அணிக்காக அதிக ஆட்டங்களைத் தொடங்கிய ஸ்டோன் தோள் அறுவைச் சிகிச்சைக்குப் போய்விட்டார். இறுதிப் போட்டியான உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தைத் தொடங்க ஆளில்லாமல், ஆட்டத்தின் நடுவில் வந்து கொஞ்ச நேரம் வீசும் புல்பென் ஆட்களையே மாற்றி மாற்றி வீசவைத்து, 11-4 என்று உதைபட்டார்கள். ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை வீசிக் கோப்பையை உறுதிசெய்தவர் ப்யூலர். லீக் ஆட்டங்களில் ஒன்றை வென்று ஆறில் தோற்றவர் அவர். உங்கள் விற்பனைப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருந்திருக்கும்.

விற்கவே கூடாது என்பதில்லை. அதே ஆண்டு ஜூலையில் பாக்ஸ்டனை விட்டுவிட்டார்கள். போன இடத்தில் சில வாரங்களில் கெண்டைக்கால் தசை கிழிந்து அவரும் படுத்தார். அங்கே விற்றவர்கள் பிழைத்தார்கள்.

உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. 26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆறு பேரைத் தொடக்கத்துக்கு ஒதுக்கினால் புல்பென்னுக்கு ஏழு பேர்தான் மிஞ்சுவார்கள். தொடர்ந்து இரண்டு நாள் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் சீக்கிரம் வெளியேறினால் அந்த ஏழு பேரும் களைத்துவிடுவார்கள். டாட்ஜர்ஸ் அதிலும் தப்பிக்கிறது: ஷோஹெய் ஓட்டானி பேட்டராகவும் பிட்சராகவும் ஆடுவதால் அந்த 13இல் சேர்வதில்லை. இளம் பிட்சர்களை ஒப்பந்த விதிப்படி கீழ்நிலை அணிக்கு அனுப்பித் திரும்ப அழைக்கலாம். ஐந்தாண்டு சேவை முடித்த மூத்தவரை அவர் சம்மதமில்லாமல் அப்படி அனுப்ப முடியாது. ஆகவே மேலாளர் கேட்டுக்கொள்ள வேண்டியது 'யாரை விற்கலாம்' என்பதல்ல, 'யாரை இழக்காமல் கீழே அனுப்பி வைக்கலாம்' என்பது.

அநீதி என்கிறீர்களே. சும்மா உட்காரவைப்பதாக யார் சொன்னது? அதே பாஸ்டனில் இடமில்லாத பாபெல்பானை ஆட்டத்தை முடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு முன்னிலையில் இருந்த 35 ஆட்டங்களைக் கடைசியில் வந்து காத்துக்கொடுத்தார். 2025இல் தோள் நோவிலிருந்து மீண்ட ரோகி சசாகியும் டாட்ஜர்ஸுக்கு அதே வேலையைத்தான் அக்டோபரில் செய்தார்.

அநீதி நடந்தது அரோயோவுக்கு. பாஸ்டனிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசையில், ஏஜென்ட்டுகள் வேண்டாமென்றும் கேளாமல், 2006 ஜனவரியில் குறைந்த தொகைக்குக் கையெழுத்திட்டார். இரண்டே மாதத்தில் விற்றுவிட்டார்கள். அந்தக் குறைந்த தொகைதான் அவரைச் சுலபமாக விலைபோகும் சரக்காக்கியது.