ஓடியாடி வாசிக்கலாம்

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் என் மகன் புத்தகத்துடன் உட்கார மறுக்கிறான். மாலை மழையில் கீழே இறங்கி விளையாடவும் முடிவதில்லை. அடுக்குமாடி வீட்டுக்குள் என்ன செய்யலாம்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உட்கார வைக்க முயல வேண்டாம், சகோதரி. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. ‘தவளைபோல் தாவிச் சமையலறைக்குப் போ’, ‘சிவப்பு நிறப் பொருளைத் தொட்டுவிட்டு ஒற்றைக்காலில் திரும்பி வா’ என்பன போன்ற கட்டளைகளைச் சீட்டுகளில் எழுதி மறைத்து வைத்து, அவனே தேடியெடுத்து மௌனமாக வாசித்துச் செய்யும்படி விடுங்கள். எழுத்துக்கூட்டி ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பொருள் புரிந்ததா என்பதை அவன் செய்கையே காட்டிவிடும். ல, ள, ழ மூன்றையும் மூன்று சுவர்களில் ஒட்டி, நீங்கள் சொல்லும் சொல்லுக்குரிய எழுத்தை நோக்கி ஓடச் செய்வதும் பயன் தரும். (சொல்பவர் ழகரத்தைச் சரியாக ஒலித்தாக வேண்டும்!) பாண்டியாட்டக் கட்டங்களுக்கு நாளிதழ்த் தாளை விரிக்காதீர்கள், டைல்ஸ் தரையில் வழுக்கும், ஒட்டுநாடாவே போதும். கீழ்வீட்டாரை எண்ணி, குதிக்கும் ஆட்டங்களை இரவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.