கறுத்துப்போன கைவினை வெள்ளி மாலையைச் சுத்தம் செய்வது எப்படி?

கேள்வி: கையால் செய்த வெள்ளி மாலை ஒன்று எனக்குப் பரிசாக வந்தது. வெள்ளிப் பூக்களுக்கு நடுவே முத்துகளும் டர்க்காய்ஸ் கற்களும் நூலில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஆண்டில் வெள்ளி கறுத்துவிட்டது. பற்பசையால் தேய்க்கலாமா? அல்லது அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரில் ஊறவைக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் அந்தக் கறுப்பு எங்கே இருக்கிறது என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இதழ்களின் பள்ளங்கள் மட்டும் கறுத்து, மேடுகள் பளிச்சென்று இருந்தால் அது அழுக்கே அல்ல. வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதற்காக, கந்தகச் சேர்மம் கலந்த கரைசலில் நனைத்துக் கறுப்பேற்றி, மேடுகளை மட்டும் மெருகிட்டிருப்பார்கள். அதைத் தேய்த்து எடுத்தால் கலைஞரின் உழைப்பில் பாதி போய்விடும். மாலை முழுவதும் மஞ்சளோடிப் பழுப்பாகிப் பிறகு கறுத்திருந்தால், காற்றிலுள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய படலம் அது. நகை வெள்ளியில் பெரும்பாலும் 92.5 சதவீதம்தான் வெள்ளி. மீதி பொதுவாகச் செம்பு. அதுவும் சேர்ந்து கறுக்கும். ஆகவே உங்கள் மாலை போலி என்று கவலைப்படாதீர்கள்.

வெள்ளி மென்மையான உலோகம். பற்பசையில் இருக்கும் நுண்துகள்கள் அதில் மெல்லிய கீறல்களைப் போட்டுவிடும். சோடாவும் அலுமினியத் தாளும் சேரும்போது வெள்ளியில் ஒட்டிய கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும். கல், முத்து, நூல், கறுப்பேற்றிய வேலைப்பாடு எதுவும் இல்லாத வெறும் வெள்ளி வளையத்துக்கு இது நல்ல வழி. உங்கள் மாலைக்கு ஆகாது. வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பையும் அது சேர்த்து அழித்துவிடும்.

கலவை நகைக்கு நான் வைத்திருக்கும் விதி, அதில் எது மிக நொய்மையானதோ அதற்கு ஏற்பச் சுத்தம் செய்வது. உங்கள் மாலையில் அது முத்து. முத்தின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு, வினிகர், வெள்ளியை முக்கியெடுக்கும் அமிலக் கரைசல் எது பட்டாலும் அதன் மேற்பூச்சு அரிக்கும். டர்க்காய்ஸ் கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சோப்பு நீரையும் எண்ணெயையும் வாசனைத் திரவியத்தையும் உறிஞ்சி, நாளடைவில் நீலம் மங்கிப் பச்சையோடும்.

எனவே மாலையை நனைக்காதீர்கள். மேசையில் மெத்தென்ற துணியை விரித்து, மாலையை நீளவாக்கில் கிடத்துங்கள். வெள்ளி மெருகுத் துணியின் ஒரு முனையை விரலில் சுற்றிக்கொண்டு, மறு கையால் பக்கத்து முத்தை மூடிப் பிடித்து, ஒவ்வொரு பூவின் மேடுகளையும் மெல்லத் துடையுங்கள். அந்தத் துணியில் மெருகுப் பொருள் ஏற்றப்பட்டிருக்கும் என்பதால் கல்லிலும் முத்திலும் படக்கூடாது. பள்ளங்களில் தூசி இருந்தால் உலர்ந்த மென்தூரிகை போதும். முத்துகளை, தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். நூலில் ஈரம் ஏறியிருந்தால், முழுதும் உலரும்வரை மாலையைத் தூக்கித் தொங்கவிடாதீர்கள். பட்டு நூல் ஈரத்தில் இழுபட்டு நீண்டுவிடும்.

வைக்கும் இடத்தில்தான் சங்கடம். வெள்ளிக்குக் காற்றுப் புகாத உறை நல்லது. முத்தோ நெடுநாள் அப்படி அடைபட்டால் வறண்டுபோகலாம். மென்மையான பருத்திப் பையில் போட்டு, கறுப்பு பிடிக்காமல் தடுக்கும் தாள் துண்டு ஒன்றுடன் பெட்டியில் வைப்பதே என் தேர்வு. ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் அருகில் இருக்கவே கூடாது, இரண்டிலும் கந்தகம் உண்டு. அடிக்கடி அணியுங்கள், உடலில் உரசும் வெள்ளி எளிதில் கறுக்காது. வாசனைத் திரவியமும் கிரீமும் பூசி, அவை உலர்ந்த பிறகு மாலையைப் போடுங்கள். கழற்றியதும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். குளோரின் கலந்த நீச்சல் குளத்துக்கு எந்த வெள்ளி நகையும் வேண்டாம்.

துடைக்கும்போதே நூலையும் பார்த்துவிடுங்கள். இரண்டு முத்துகளை மெல்ல விலக்கினால் நூல் வெளியே தெரிகிறதா, கொக்கிக்கு அருகில் பிசிறு தட்டியிருக்கிறதா? அப்படியானால் அறுந்து சிதறுவதற்கு முன் செய்தவரிடமே கொடுத்து மறுபடி கோத்து வாங்குங்கள். ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சுப் போடச் சொன்னால், ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றவை உருண்டோடாது.