10 மீட்டர் ஏர் பிஸ்டலை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்? என்ன எண்ணெய் போடலாம்?

எண்ணெய் பாட்டிலை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள், அது தேவையில்லை. ஏர் பிஸ்டல் அழுத்தக் காற்றால் சுடுவது, இதில் வெடிமருந்து இல்லை; குழலில் கரி படியாது. படிவதெல்லாம் 4.5 மி.மீ. ஈயக் குண்டுகள் விட்டுச்செல்லும் தூளும், அவற்றின் மேலுள்ள மசகுப் பூச்சும்தான். அதனால் நாள்தோறும் குழலைத் தேய்ப்பது வீண் வேலை. சில நூறு குண்டுகளுக்கு ஒருமுறை போதும்.

துப்பாக்கி காலியா என்று பார்த்து, அழுத்தக் காற்று இருக்கும் சிலிண்டரைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். சுத்தம் செய்யும் கயிற்றில் கம்பளித் துண்டைக் கோத்து, குண்டு போடும் பக்கத்திலிருந்து முன்வாய் நோக்கி இழுங்கள். முதல் துண்டு கருஞ்சாம்பல் நிறத்தில் வரும். வெளுப்பாக வரத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். எஃகுத் தூரிகை வேண்டவே வேண்டாம். குழலின் உள்வரிகள் கீறிவிட்டால் சரிசெய்ய வழியில்லை. குழல் முனையில் அடையும் ஈயத் தூளையும் துடைத்துவிடுங்கள், பலரும் மறப்பது அதைத்தான்.

சிலிண்டர் மரையிலும், காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கிலும் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருக்கட்டும். சாதாரண எண்ணெய் கூடாது: 200 பார் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் அது தீப்பிடிக்கக்கூடும். விசைப் பகுதியை நீங்களாகப் பிரிக்காதீர்கள்.

சிலிண்டரை முழுக்கக் காலியாக விட்டால் ஈரமும் தூசியும் உள்ளே போகும். அதில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்; உற்பத்தியாளர்கள் வழக்கமாகத் தரும் ஆயுள் 10 ஆண்டு. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் நஞ்சு.